1969 கமாரோ, 350 கன அங்குல வி8: கோளாறிலிருந்து காரணத்துக்கு

ஓஹையோவின் நார்வுட் ஆலையிலும் கலிஃபோர்னியாவின் வான் நைஸ் ஆலையிலும் தயாராகி வெளியே வந்த நாளில் செவர்லேயின் 1969 கமாரோ காரின் எல்லாப் பாகங்களும் ஒன்றுக்கொன்று இசைந்திருந்தன. பிறகு கைமாறிய ஒவ்வொரு வீட்டிலும் ஏதோ ஒன்று மாறியிருக்கும். ஒருவர் டிஸ்ட்ரிபியூட்டரை மாற்றியிருப்பார், அடுத்தவர் முன்சக்கரங்களுக்கு டிஸ்க் பிரேக் போட்டிருப்பார், அதற்கடுத்தவர் 1980களின் எஞ்சினை இறக்கியிருப்பார். செவர்லேயின் ஸ்மால் பிளாக் வி8 பல பத்தாண்டுகள் ஏறக்குறைய ஒரே உருவில் வந்ததால், ஒரு காலத்துப் பாகம் இன்னொரு காலத்து எஞ்சினில் சிரமமில்லாமல் மாட்டிக்கொள்ளும். சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. வீட்டில் மீட்டெடுக்கும் கமாரோவில் வரும் கோளாறுகளில் பெரும்பகுதிக்குத் தேய்மானம் காரணமல்ல. சேரக்கூடாத இரண்டு பாகங்கள் சேர்ந்ததுதான் காரணம். ஆகவே புதுப் பாகம் வாங்கும் முன் அளந்து பாருங்கள். மல்டிமீட்டர், வாக்குவம் கேஜ், டைமிங் லைட், ட்வெல் மீட்டர் ஆகிய நான்கும் கையில் இருந்தால் கீழே உள்ளவற்றில் முக்கால்வாசியைக் கண்டுபிடித்துவிடலாம்.

செல்ஃப் அடிக்கும்போது எஞ்சின் பிடிக்கிறது, சாவியை விட்டதும் அணைந்துவிடுகிறது

இது கிட்டத்தட்ட எப்போதும் ஒரே இடத்தைக் காட்டும். பாயின்ட்ஸ் (திறந்து மூடும் தொடுமுனைகள்) உள்ள டிஸ்ட்ரிபியூட்டருக்குக் காயிலில் முழு 12 வோல்ட் தொடர்ந்து போகக் கூடாது என்பதற்காக, எஞ்சின் ஓடும்போது மின்சாரம் ஒரு தடைக்கம்பி வழியாக வருகிறது. செல்ஃப் அடிக்கும் அந்தச் சில நொடிகளுக்கு மட்டும் ஸ்டார்ட்டர்மேல் உள்ள சாலினாய்டின் ‘ஆர்’ முனையிலிருந்து மஞ்சள் கம்பி வழியே பேட்டரியின் முழு மின்னழுத்தம் காயிலுக்கு நேராகப் போகும். சாவியை விட்டதும் அணைகிறது என்றால் தடைக்கம்பி அறுந்திருக்கிறது, அல்லது ஃபயர்வாலில் (எஞ்சினுக்கும் காரின் உட்புறத்துக்கும் இடையிலான தகட்டில்) உள்ள பெரிய கனெக்டரில் அதன் முனை பச்சை பூத்திருக்கிறது. இதற்கு நேர்மாறாக, செல்ஃப் சுற்றும்வரை பிடிக்காமல் சாவியை விடும் கணத்தில் மட்டும் ஒரு உதறலோடு பிடித்தால் மஞ்சள் கம்பி வேலை செய்யவில்லை.

அளக்கும்போது பாயின்ட்ஸ் மூடிய நிலையில் இருக்க வேண்டும். சாவி ‘ஆன்’, காயிலின் பிளஸ் முனையில் 6 வோல்ட்டை ஒட்டி இருந்தால் சரி. பாயின்ட்ஸ் திறந்திருக்கும்போது அளந்தால் மின்னோட்டமே இருக்காது. தடைக்கம்பி நன்றாக இருந்தாலும் 12 காட்டும். ‘கம்பியை யாரோ மாற்றிவிட்டார்கள்’ என்று பலர் தவறாக முடிவுகட்டுவது இதனால்தான். பாயின்ட்ஸ் மூடியிருந்தும் 12 வருகிறதா? அப்போது உண்மையிலேயே யாரோ சாதாரணக் கம்பி போட்டிருக்கிறார்கள். பாயின்ட்ஸ் அடிக்கடி கருகுவது அதனால்தான்.

பாயின்ட்ஸ் இல்லாத எச்.இ.ஐ. மின்னணு டிஸ்ட்ரிபியூட்டர் போட்டிருந்தால் கணக்கு தலைகீழ். அதற்கு எப்போதும் முழு 12 வோல்ட் வேண்டும். பழைய தடைக்கம்பியையே அதில் மாட்டினால் ஐட்லிங்கில் ஓடும், வேகம் எடுக்கும்போது மிஸ் அடிக்கும். கார்புரேட்டரைக் குறை சொல்லி மூன்று முறை கழற்றி மாட்டியும் போகாத மிஸ்ஃபயர்களில் பல, இந்த ஒரு கம்பியை மாற்றியதும் போய்விடும். இக்னிஷன் ஃபியூஸ் முனையிலிருந்து 12 கேஜ் கம்பி ஒன்றைப் புதிதாக இழுங்கள்.

சூடான எஞ்சினில் செல்ஃப் எடுக்கவில்லை

ஹெடர் எனும் எக்ஸாஸ்ட் குழாய் போட்ட கார்களில் இது அதிகம். வெப்பம் ஒரு காரணம்தான். ஆனால் ஸ்டார்ட்டரை மாற்றும் முன் மின்னழுத்த இழப்பை அளக்க வேண்டும். காயில் கம்பியைக் கழற்றி எர்த் செய்துவிட்டு, ஒருவர் செல்ஃப் அடிக்க, மற்றவர் மீட்டரைப் பிடிக்கட்டும். பேட்டரியின் பிளஸ் தூணுக்கும் ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டுக்கும் இடையே அரை வோல்ட்டுக்கு மேல் இருக்கக் கூடாது. பேட்டரியின் மைனஸ் தூணுக்கும் ஸ்டார்ட்டர் உடலுக்கும் இடையே 0.3-க்குள் இருக்க வேண்டும். இரண்டாவது அளவுதான் அடிக்கடி தோற்கும். எஞ்சின் பிளாக்குக்கும் சேசிஸுக்கும் நல்ல பெயின்ட் அடித்தவர்கள் எர்த் கேபிள் உட்காரும் இடத்தையும் சேர்த்து அடித்திருப்பார்கள். அந்த இடத்தை இரும்பு பளிச்சிடும்வரை சுரண்டுங்கள்.

இரண்டும் சரியாக இருந்தால் சாலினாய்டின் ‘எஸ்’ முனையில் ஊதாக் கம்பியை அளந்து பாருங்கள். அந்த மின்சாரம் ஃபயர்வால் கனெக்டர், இக்னிஷன் சுவிட்ச், ஆட்டோ கியரானால் நியூட்ரல் சுவிட்ச் எல்லாவற்றையும் சுற்றி வருகிறது. அங்கே 8, 9 வோல்ட்தான் தேறுகிறது என்றால் ஒரு ரிலே போட்டுவிட்டால் தீர்ந்தது.

ஸ்டார்ட்டர் கூச்சலிட்டால் எப்போது கூச்சலிடுகிறது என்று கவனியுங்கள். சுற்றும்போதே கீச்சென்றால் பல்லிடைவெளி அதிகம், ஷிம் (இடைவெளித் தகடு) எடுக்க வேண்டும். எஞ்சின் பிடித்துச் சாவியை விடும்போது கீச்சென்றால் இடைவெளி குறைவு, ஷிம் சேர்க்க வேண்டும். ஸ்டார்ட்டர் போல்ட்டுகளின் தண்டில் சொரசொரப்பான பகுதி ஒன்று உண்டு. ஸ்டார்ட்டரை அதன் இடத்தில் நிறுத்துவதே அதுதான். கடையில் கிடைத்த சாதாரண போல்ட்டைப் போட்டால் எத்தனை ஷிம் வைத்தாலும் நிற்காது.

ஒரு வாரம் நிறுத்திய பின் நெடுநேரம் செல்ஃப் அடித்தால்தான் பிடிக்கிறது

ஏர் கிளீனரைக் கழற்றி, கார்புரேட்டரின் வாய்க்குள் டார்ச் அடித்துக்கொண்டு, எஞ்சினை ஓட்டாமல் திராட்டிலைக் கையால் திறங்கள். இரண்டு பெட்ரோல் தாரைகள் பீய்ச்ச வேண்டும். எதுவும் வராவிட்டால் கார்புரேட்டரில் பெட்ரோல் தங்கும் பௌல் காலி. இன்றைய எத்தனால் கலந்த பெட்ரோல் சூட்டில் வேகமாக ஆவியாகிவிடும். அதோடு, பழைய குவாட்ராஜெட் கார்புரேட்டர்களின் அடியில் உள்ள பிளக்குகள் கசிந்து, பெட்ரோல் இரவோடு இரவாக மேனிஃபோல்டுக்குள் இறங்கிவிடுவதும் உண்டு. கார்புரேட்டரைக் கழற்றி ஒரு வெள்ளைத் தாள்மேல் ஒரு மணி நேரம் வைத்தால் ஈரம் காட்டிக் கொடுத்துவிடும். கசிந்தால் பிளக்குகளை எபாக்சியால் அடைக்கலாம். ஆவியாவதற்கு, கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவே அரை அங்குல ஃபீனாலிக் ஸ்பேசர் உதவும். பானெட் இடிக்காதா என்று களிமண் உருண்டை வைத்து முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பழைய ரப்பர் ஹோஸ்களையும் அப்போதே மாற்றிவிடுங்கள். எத்தனால் அவற்றை உள்ளிருந்து கரைக்கும். சூடான எக்ஸாஸ்ட்டுக்குப் பக்கத்தில் அது விளையாட்டல்ல.

டைமிங் எண் சரியாக இருக்கிறது, ஆனால் பிக்கப் இல்லை, அல்லது நாக்கிங்

முதலில் பாயின்ட்ஸ் இடைவெளி. புதியதற்கு 0.019 அங்குலம், பழகியதற்கு 0.016. டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் ஜன்னல் வழியே எட்டில் ஒரு அங்குல ஆலன் கீயைவிட்டு ட்வெல்லை, அதாவது பாயின்ட்ஸ் மூடியிருக்கும் கோணத்தை, 30 டிகிரியில் நிறுத்துங்கள். ட்வெல் மாறினால் டைமிங்கும் மாறும் என்பதால் இந்த வரிசையை மாற்றக் கூடாது. அதன்பின் வாக்குவம் அட்வான்ஸ் ஹோஸைக் கழற்றி அடைத்துவிட்டு டைமிங் லைட். தொடக்க டைமிங்கைவிட முக்கியமானது 3000 ஆர்.பி.எம். அருகில் வரும் மொத்த அட்வான்ஸ். பழைய ரக ஹெட் உள்ள 350-க்கு 34 முதல் 36 டிகிரி நல்ல இலக்கு.

இவ்வளவும் சரியாக இருந்தும் எஞ்சின் சோம்பலாக ஓடினால் குறியையே சந்தேகியுங்கள். கிராங்கின் முன்கோடியில் உள்ள ஹார்மோனிக் பேலன்சரின் வெளி வளையம் ரப்பர்மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. ரப்பர் கிழடாகி வளையம் நழுவினால் குறியும் கூடவே நகரும். இன்னொரு வலை இந்த மாடல் ஆண்டுக்கே உரியது. 1968 வரையிலான பேலன்சர்களில் கோடு கீவேயிலிருந்து 2 டிகிரி தள்ளி இருக்கும், 1969 முதல் 10 டிகிரி தள்ளி. டைமிங் கவரில் உள்ள முள்தகடும் அதற்கேற்ப இடம் மாறியது. ஒரு காலத்துத் தகட்டோடு இன்னொரு காலத்து பேலன்சரைச் சேர்த்தால் 8 டிகிரி பொய் சொல்லும். எட்டு டிகிரி பிந்தினால் எஞ்சின் சூடாகும், முந்தினால் பிஸ்டன் உடையும்.

உறுதிசெய்ய ஒரே வழி பிஸ்டன் ஸ்டாப். பேட்டரியைக் கழற்றி, எல்லா ஸ்பார்க் பிளக்குகளையும் எடுத்து, முதல் சிலிண்டரில், அதாவது டிரைவர் பக்க (இந்தக் காரில் இடது) முன்கோடியில், ஸ்டாப்பைத் திருகுங்கள். கையால் மெதுவாகச் சுற்றி முட்டும் இடத்தில் பேலன்சரில் ஒரு கோடு, எதிர்ப்பக்கம் சுற்றி முட்டும் இடத்தில் இன்னொரு கோடு. இரண்டுக்கும் சரிநடுதான் உண்மையான டாப் டெட் சென்டர், பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். வளையம் நழுவியிருந்தால் புதுக் குறி போட்டு ஓட்டாதீர்கள், பேலன்சரையே மாற்றுங்கள்.

ஒயர்களை மாற்றி மாட்டிய பின் வெடிச்சத்தத்தோடு ஓடினால்: பற்றும் வரிசை 1-8-4-3-6-5-7-2, ரோட்டர் கடிகார முள் திசையில். ஒற்றைப்படை எண்கள் டிரைவர் பக்கம்.

புது கேம்ஷாஃப்ட் போட்ட பின் டிக்-டிக் சத்தம்

இந்தச் சத்தம் கேட்டதும் எஞ்சினை அணையுங்கள். வீட்டில் கட்டிய ஸ்மால் பிளாக் எஞ்சின்களைக் கொல்வது பெரும்பாலும் இதுதான். இந்த எஞ்சினில் கேமின் மேல் உட்கார்ந்து புஷ்ராடைத் தள்ளும் லிஃப்ட்டர் தட்டையான அடியுடையது என்று சொன்னாலும், அதன் அடி மிக மெல்லிதாகக் குவிந்திருக்கும், கேமின் மேடும் சற்றே சாய்வாகச் செதுக்கியிருக்கும். அதனால் லிஃப்ட்டர் தன் துளைக்குள் சுழன்றுகொண்டே இருக்கும், தேய்மானம் பரவிவிடும். சுழல்வது நின்றால் ஒரே இடம் உராய்ந்து சில நிமிடங்களில் மேடு வழுவழுத்துப் போகும்.

முதல் ஓட்டத்தில் ஐட்லிங்கில் விடக் கூடாது. பிடித்ததும் 2000 முதல் 2500 ஆர்.பி.எம். வரை வேகத்தை மாற்றி மாற்றி 20 முதல் 30 நிமிடம் ஓட வேண்டும், ஏனென்றால் கேமுக்கு எண்ணெய் கிராங்க் வாரியடிக்கும் தெறிப்பிலிருந்துதான் கிடைக்கிறது. இரட்டை வால்வ் ஸ்பிரிங் என்றால் உள் ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு இந்த ஓட்டத்தை முடித்துப் பிறகு போட வேண்டும். ஆயிலில் துத்தநாக–பாஸ்பரஸ் சேர்மம் 1000 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கட்டும். இன்றைய கார்களுக்கான ஆயிலில் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்காக அதைக் குறைத்துவிட்டார்கள்.

சத்தம் எங்கிருந்து என்று பிரிப்பது இப்படி: எஞ்சின் சூடானதும் குறைந்து மறைந்தால் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவாக இருக்கலாம். மறையாவிட்டால் வால்வ் கவரைத் திறந்து, ஐட்லிங்கில் புஷ்ராடுகள் மெல்லச் சுழல்கின்றனவா என்று பாருங்கள். சுழலாத ஒன்று இருந்தால் அதுதான் குற்றவாளி. எஞ்சினை நிறுத்தி டயல் இண்டிகேட்டரால் புஷ்ராடின் ஏற்றத்தை அளந்து, இன்டேக்கை இன்டேக்கோடும் எக்ஸாஸ்ட்டை எக்ஸாஸ்ட்டோடும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் 0.005 அங்குலத்துக்கு மேல் குறைந்திருந்தால் அந்த மேடு போய்விட்டது. ஆயில் ஃபில்டரை வெட்டி, மடிப்புகளை விரித்துக் காந்தம் வைத்துப் பாருங்கள். இரும்புத் தூள் இருந்தால் கேமை மட்டும் மாற்றுவது வீண்வேலை; தூள் பேரிங்குகளுக்கும் போயிருக்கும், எஞ்சினை முழுதாகப் பிரித்துக் கழுவியே ஆக வேண்டும்.

ஒரே வால்வு திரும்பத் திரும்ப லூசாகிறது, கேம் ஏற்றமோ சரியாக இருக்கிறது என்றால் ராக்கர் ஸ்டட் வெளியே வருகிறது. ஆலையில் போட்டவை அழுத்திச் செருகிய ஸ்டட்கள்; கனமான ஸ்பிரிங் போட்டால் மேலே ஏறிவிடும். ஸ்டட் தலைகள்மேல் ஒரு ஸ்கேலை வைத்தால் உயர்ந்தது தெரிந்துவிடும். திருகு ஸ்டட்டுக்கு மாற்றுவதே தீர்வு.

சூடு ஏறுகிறது

நின்றபோது ஏறுகிறதா, ஓடும்போது ஏறுகிறதா? நின்றபோது மட்டும் என்றால் காற்று போதவில்லை: ஃபேன் கவசம் இல்லை, ஃபேன் கிளட்ச் வழுக்குகிறது, அல்லது டைமிங் பிந்தியிருக்கிறது. நெடுஞ்சாலையில் ஏறினால் நீரோட்டம். ரேடியேட்டர் அடைப்பு ஒன்று. மற்றொன்று, கீழ் ஹோஸுக்குள் இருக்க வேண்டிய ஸ்பிரிங் இல்லாமல் பம்ப் உறிஞ்சும்போது ஹோஸ் சப்பிப்போவது. பானெட்டைத் திறந்து 3000 ஆர்.பி.எம்.மில் அந்த ஹோஸைப் பார்த்தாலே தெரியும்.

பின்னாளைய ஒற்றைப் பட்டை பெல்ட் கிட்டை மாட்டியவர்கள் வாட்டர் பம்பைப் பாருங்கள். அந்த அமைப்பில் பம்ப் எதிர்த்திசையில் சுற்றுகிறது. பழைய பம்பைப் போட்டால் சுற்றும், நீரைச் சரியாகத் தள்ளாது. 15 பி.எஸ்.ஐ. மூடியும் பாதிக்குப் பாதி கூலன்ட்டும் இருந்தால் கொதிநிலை 260 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தாண்டும். ஆகவே மீட்டரில் 210 என்பது பதறும் எண் அல்ல.

டிஸ்க் பிரேக் போட்ட பின் பெடல் சரியில்லை

பெடல் பஞ்சு போல் அமுங்கி, எத்தனை முறை ஏர் எடுத்தாலும் தீராவிட்டால் முதலில் காலிப்பர்களைப் பாருங்கள். பிளீடர் திருகு மேலே இருக்க வேண்டும். இடதும் வலதும் மாறியிருந்தால் அது கீழே போய்விடும், மேலே தங்கிய காற்று ஒருநாளும் வெளியேறாது.

பெடல் கல் போல் இருக்கிறது, கார் நிற்க மறுக்கிறது என்றால் வாக்குவம். பூஸ்டருக்கு வாக்குவம் கேஜில் 16 முதல் 18 அங்குலம் (பாதரச அளவு) வேண்டும். பெரிய கேம் போட்ட எஞ்சின் ஐட்லிங்கில் 10தான் கொடுக்கும். அங்கே புது பூஸ்டர் வாங்கிப் பயனில்லை. சிறிய கேம், மின் வாக்குவம் பம்ப், அல்லது பூஸ்டரே இல்லாத அமைப்பு என்ற மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பூஸ்டரை எடுத்தால் பெடலின் மேல் துளையில் ராடை மாட்டுங்கள், அங்கேதான் நெம்புவிசை கூடும். கீழ்த்துளை பூஸ்டருக்கானது.

ஓட்ட ஓட்ட பிரேக் தானாகப் பிடித்துக்கொள்கிறதா? சக்கரம் இறுகியிருக்கும்போதே பூஸ்டரிலிருந்து மாஸ்டர் சிலிண்டரின் இரண்டு நட்டுகளையும் எட்டில் ஒரு அங்குலம் தளர்த்துங்கள். சக்கரம் விடுபட்டால் புஷ்ராடு நீளம் அதிகம். விடுபடாவிட்டால் அந்தச் சக்கரத்தின் பிளீடரைத் திறங்கள். ஆயில் பீய்ச்சிச் சக்கரம் விட்டால், ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதியிருக்கிறது, அல்லது டிரம்முக்கான 10 பி.எஸ்.ஐ. எச்ச அழுத்த வால்வு டிஸ்க் வழியில் தங்கிவிட்டது. பீய்ச்சாமல் இறுகியே இருந்தால் காலிப்பர் பிஸ்டன் துருப்பிடித்திருக்கிறது. பிரேக் வேலை முடிந்த காரை ஆளில்லாத இடத்தில், நடைவேகத்தில் பலமுறை நிறுத்திப் பார்க்காமல் சாலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள்.

அதிர்வு

நின்ற காரில் ஆர்.பி.எம். ஏற்றும்போதே அதிர்கிறது என்றால் எஞ்சின் பக்கம். 350 கிராங்க் தன்னளவில் சமன் செய்யப்பட்டது. 400-இன் கிராங்க்குக்கு பேலன்சரிலும் ஃபிளெக்ஸ்பிளேட்டிலும் (கிராங்கின் பின்கோடியில் உள்ள வட்டத்தகடு) எடை வேண்டும். 400-இன் கிராங்க் போட்டு 383 ஆக்கிய எஞ்சினில் 350-இன் பேலன்சரை மாட்டினால் பற்கள் கிடுகிடுக்கும். 1986 முதல் வந்த ஒற்றைத்துண்டு பின் சீல் எஞ்சினுக்கும் அதற்கே உரிய எடை வைத்த ஃபிளெக்ஸ்பிளேட் வேண்டும்.

ஓடும்போது மட்டும் அதிர்ந்து, நியூட்ரலில் விட்டாலும் அதே வேகத்தில் தொடர்ந்தால் சக்கரம் அல்லது புரொப்பல்லர் ஷாஃப்ட். காரைத் தாழ்த்தியவர்கள் கோணத்தை அளக்கட்டும்: ஷாஃப்டின் ஒவ்வொரு கிராஸ் ஜாயின்ட்டிலும் 1 முதல் 3 டிகிரி, முன்னும் பின்னும் ஏறக்குறைய சமம்.

நேர்சாலையில் ஸ்டீயரிங் அலைகிறது

ஸ்டீயரிங் பாக்ஸை இறுக்கும் முன் அலைன்மென்ட் அளவைக் கேளுங்கள். பயாஸ் டயர் காலத்து அட்டவணையில் இந்தக் காருக்குக் காஸ்டர் (முன்சக்கரம் திரும்பும் அச்சின் முன்-பின் சாய்வு) அரை டிகிரிதான். ரேடியல் டயருக்கு பாசிட்டிவ் 3 அல்லது அதற்கு மேல் வைத்தால் கார் தானே நேராகப் போகும். கடைக்காரர் கணினியிலுள்ள பழைய எண்ணையே வைப்பார், எழுதிக்கொண்டு போங்கள்.

காலடியில் ஈரம், புதுத் தகட்டில் மறுபடி துரு

தரைத்தகட்டை வெட்டி வெல்டிங் செய்வது கண்ணுக்குத் தெரியும் வேலை என்பதால் எல்லோரும் அதில்தான் தொடங்குகிறார்கள். தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் அடைக்க வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் உள்ள காற்றுத் துவாரங்களுக்குக் கீழே ஒரு மூடிய தொட்டி இருக்கிறது. இலைச்சருகு தேங்கி அதன் அடி துருப்பிடித்தால் மழைநீர் நேராகக் காலடிக்கு இறங்கும். கார்ப்பெட்டை எடுத்து, ஒருவர் உள்ளே டார்ச்சோடு படுத்துக்கொள்ள, மற்றவர் கண்ணாடிமேல் படாமல் அந்தத் துவாரங்களில் மட்டும் ஹோஸ் பிடிக்கட்டும். பக்கச் சுவர்களில் நீர் தெரிந்தால் மேல் தகட்டின் ஸ்பாட் வெல்டுகளைத் துளைத்துத் திறந்து சரிசெய்வதுதான் முறையான வேலை. தெரியாவிட்டால் அடுத்து முன்கண்ணாடி ஓரம், பிறகு பின்கண்ணாடி ஓரம். வினைல் கூரை இருந்த கார்களில் பின்கண்ணாடிக் கால்வாய் பெரும்பாலும் போயிருக்கும், அந்த நீர் டிக்கிக்குள் இறங்கும்.

பிறகு தரை. வெட்டும் முன் கதவுத் திறப்புகளுக்குக் குறுக்கே இரும்புக் குழாய் வைத்துத் தற்காலிகமாகப் பற்றவையுங்கள், பின்பாதி உடலே சேசிஸ் என்பதால் கூடு தொய்ந்துவிடும். ஒரு அங்குலத்துக்கு ஒன்றாகப் புள்ளி வைத்து, ஆறவிட்டு, இடையை நிரப்புங்கள். முடிந்ததும் கதவின் கீழ் விளிம்பிலும் பின்பக்கத் தகட்டின் அடியிலும் உள்ள வடிகால் துளைகளை ஒரு கம்பியால் குத்தித் திறந்துவிட்டு, உட்குழிகளில் மெழுகு அடியுங்கள். சீலன்ட் பூசும்போது முதலில் அடைபடுவது அந்தத் துளைகள்தான்.